‘சும்மாயிங்’ ஆங்கிலமா, கலப்புத் தமிழா?

தம்பி, புதுக்குடியிருப்புப் பெடியள் வற்ஸ்அப்பில் ஆங்கிலம் எழுதும்போது உண்டாக்கும் சொற்களைச் சேர்த்தீர்கள், விரிவுரையாளர் “இது வெறும் கலப்புத் தமிழ்” என்று திருப்பித் தந்துவிட்டார் என்கிறீர்கள். அவர் சொன்னதில் பாதி சரி. சொல்லைத் தனியே எழுதிக் காட்டினால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

முழு வசனத்தையும் எடுங்கள். வவுனியாவில் என் பெறாமகளிடம் என்ன செய்கிறாய் என்று கேட்டால், ‘ஐ ஆம் சும்மாயிங்’ என்று பதில் வரும். வேர் தமிழ் ‘சும்மா’, வால் ஆங்கில ‘இங்’. வசனம் முழுக்க ஆங்கில இலக்கணத்தில் ஓடுகிறது. உங்களுக்கு வேண்டிய சான்று அந்த வால்தான்.

விரிவுரையாளர் நம்பாவிட்டால் ‘அஸ்வெத்துமைஸ்’ என்ற சொல்லைக் காட்டுங்கள். காணியை நெற்செய்கைக்குத் திருத்துவது என்று பொருள். சிங்களச் சொல்லில் ஆங்கில ‘ஐஸ்’ (-ize) என்ற வால் ஒட்டிப் பிறந்தது. 2025இல் ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது. (வயல்காரருக்கே தெரியாமல் வயல் அகராதிக்குள் போய்விட்டது!)

பிறகு, ஒவ்வொரு சொல்லுக்கும் திகதி, வயது, ஊர் குறியுங்கள், பெயர் வேண்டாம். ஒருவர் மட்டும் எழுதியதைப் பின்னுக்கு வைத்து, மூன்று நான்கு பேர் தனித்தனியே எழுதியதை முன்னுக்கு வையுங்கள்.