டேங்க் எடுத்தால் முதலில் சாவது ஏன்? வாசகர் கேள்வி பதில்

ஆன்லைன் கேம்களில் டேங்க் ஆடுவது பற்றிக் கேள்விகள் அனுப்புங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். முன்னால் நின்று எதிரியின் கவனத்தையும் அடியையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கூட இருப்பவர்களை வேலை செய்ய விடுகிற ஆள்தான் டேங்க். மார்த்தாண்டம் தொடங்கி ஆரல்வாய்மொழி வரை பல ஊர்களிலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, ஹாஸ்டலில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஓவர்வாட்ச் ஆடுகிறோம். வேறு யாரும் டேங்க் எடுக்க மாட்டார்கள் என்பதால் நான்தான் ரைன்ஹார்ட், பெரிய ஷீல்ட் வைத்திருக்கிற ஹீரோ. ஷீல்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகிறேன், முதலில் சாவதும் நான்தான். அப்புறம் எல்லோரும் என்னைத்தான் திட்டுகிறார்கள். எங்கே தப்பு?
*கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்*

தம்பி, முன்னால் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எதுவரை போகிறீர்கள், போகும்போது பின்னால் யார் வருகிறார்கள் என்று எழுதவில்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது. டேங்க் என்றால் அடி வாங்க வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்லித்தருகிறார்கள். என்னைக் கேட்டால் இடம் பிடித்துக்கொடுப்பதுதான் டேங்கின் வேலை. நீங்கள் நிற்கிற பக்கம் வர எதிரி யோசிக்கிறான் என்றால் அந்த இடம் உங்கள் அணிக்குச் சொந்தம், அங்கே உங்கள் ஆட்கள் நிதானமாகக் குறி பார்க்கலாம், காயத்தை ஆற்றுகிற ஹீலர் பதறாமல் நிற்கலாம். வாங்குகிற அடி அதற்கு ஆகிற செலவு. இடம் எதுவும் கிடைக்காத இடத்தில் போய் மொத்த ஹெல்த்தையும் கரைத்தால் அது வெறும் நஷ்டம்.

ஒரு குறுகலான தெருமுனையை எடுத்துக்கொள்வோம். எதிர் அணி தெருவின் அந்தக் கோடியில். நட்டநடுத் தெருவில் ஷீல்டை விரித்துக்கொண்டு நின்றால் ஐந்து பேரின் குண்டும் அதில்தான் விழும், சீக்கிரமே உடையும், உடைந்த ஷீல்ட் சில வினாடிகளுக்கு மறுபடி வராது. அதையே முனைச் சுவரை ஒட்டி நின்று செய்யுங்கள். அடி விழும்போது ஷீல்டோடு ஒரு எட்டு வெளியே, ஷீல்ட் பாதிக்கு இறங்கியதும் ஒரு எட்டு சுவருக்குள். உள்ளே வந்து ஷீல்டை இறக்கிவிட்டால் அது தானாக நிரம்பும். அந்த நேரத்தில் சுவர் உங்களுக்கு ஷீல்ட். இப்படி உள்ளும் வெளியுமாக ஆடுகிற ஒரு ரைன்ஹார்ட் ஒரு தெருவையே நிமிடக்கணக்கில் அடைத்து வைக்கலாம். உங்கள் ஆள் ஒருவரை வீழ்த்தியதும் முன்னேறுங்கள், ஆனால் எதிரியைப் பார்த்து நடக்காமல் அடுத்த மறைவைப் பார்த்து நடங்கள். அடுத்த தூண், அடுத்த வண்டி, அடுத்த வாசல் என்று.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. ஷீல்டில் விழுகிற அடியால் எதிரியின் அல்டிமேட், அதாவது கொஞ்சம் கொஞ்சமாக நிரம்புகிற பெரிய திறமை, நிரம்பாது, உங்கள் உடம்பில் விழுகிற அடியால் நிரம்பும். டேங்கை அடித்தால் கொஞ்சம் மெதுவாக நிரம்பும்படி விதி வைத்திருக்கிறார்கள் என்றாலும், திறந்த வெளியில் நின்று மொத்துப் படுகிற டேங்க் சாவதோடு நிற்காமல் அடுத்த சண்டைக்கு எதிரியின் கையில் ஆயுதத்தையும் கொடுத்துவிட்டுப் போகிறார்.

ரைன்ஹார்ட் நேராகப் பாய்ந்து மோதுகிற சார்ஜ் விஷயத்துக்கு வருவோம். ஓடுகிற ஒருவனைத் துரத்திப்போய்ச் சுவரோடு நசுக்குவதில் ஒரு ருசி உண்டு, தெரியும். ஆனால் பாய்ந்து முடிக்கும்போது ஹீலரின் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் நிற்பீர்கள், நாலு பேர் சுற்றிலும். தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் பந்து விளையாடுகிறவர்களிடம் கேளுங்கள், கோல் பக்கம் காவல் நிற்கிற ஸ்டாப்பர் ஆசைப்பட்டு மைதானத்தின் பாதிக்கு ஏறிவந்தால் பின்னால் என்ன ஆகும் என்று. எதிரியிடம் உங்களைத் தடுக்கிற திறமைகளெல்லாம் செலவாகிவிட்டன என்று கண்ணால் பார்த்த பிறகுதான் சார்ஜ். அதுவரை அந்தப் பட்டன் மேல் விரலே போகக் கூடாது.

நண்பர்கள் திட்டுவதில் உங்கள் பங்கும் அவர்கள் பங்கும் பாதிப் பாதி. 2016-இல் வந்த ஓவர்வாட்ச் ஆறு பேர் அணி, பின்னாளில் அதில் டேங்க் இரண்டு பேர் என்று வகுத்தார்கள், ஒருவர் முன்னேறினால் மற்றவர் காவல் நிற்பார். 2022 அக்டோபரில் ஓவர்வாட்ச் 2 வந்தபோது ஆளுக்கொரு பொறுப்பு என்று முன்பே பிரிக்கிற ரோல் கியூவில் ஐந்து பேராகி டேங்க் ஒருவரானார். பழைய வீடியோக்களைப் பார்த்து ஆடினால் இல்லாத இரண்டாவது டேங்கை நம்பி நிற்பீர்கள். அந்த இடத்தை உங்கள் நண்பர்களின் குரல்தான் நிரப்ப வேண்டும். போவதற்கு முன் "மூணு சொன்னதும் போறேன்" என்று மைக்கில் சொல்லுங்கள், வராவிட்டால் நீங்களும் போகாதீர்கள். ஆட்டம் முடிந்ததும் ரீப்ளே எடுத்து, ஒவ்வொரு சாவுக்கும் பத்து வினாடி முன்னால் நிறுத்திப் பாருங்கள். அந்த நொடியில் உங்களுக்குப் பின்னால் யார், எவ்வளவு தூரத்தில்? எந்தச் சுவர் பக்கத்தில் இருந்தது? இரண்டு மூன்று ஆட்டத்தை இப்படிப் பார்த்தால் அதே தவறு திரும்பத் திரும்ப வருவது உங்களுக்கே தெரியும்.

தம்பி, என் மகன் ஒன்பதாம் வகுப்பு. போனில் போக்கிமான் யுனைட் ஆடுகிறான். சாப்பிடக் கூப்பிட்டால், "நான்தாம்மா டேங்க், இப்ப எழும்பினா எல்லாரும் தோத்துருவாங்க" என்கிறான். இது உண்மையா, சாக்குச் சொல்கிறானா? காசு வைத்து ஆடுகிற ஆட்டமா என்றும் பயமாக இருக்கிறது.
*ஒரு தாய், தக்கலை*

அக்கா, உண்மையைத்தான் சொல்கிறான். ஐந்து பேர் அணியில் முன்னால் நின்று தடுக்கிறவன் நடுவில் எழுந்துபோனால் மற்ற நாலு பேர் தனியாக மாட்டிக்கொள்வார்கள். அந்த நாலு பேரும் எங்கோ இருக்கிற நிஜப் பிள்ளைகள், அவர்களை விட்டுவிட்டு வர மனம் வராதது நல்ல குணம்தான். ஆனால் வழக்கமான ஒரு ஆட்டம் பத்தே நிமிடம். அதிலும் கடைசி இரண்டு நிமிடத்தில் போடுகிற புள்ளி இரட்டிப்பாகும், அதனால் அப்போது கூப்பிட்டால் காதிலேயே விழாது. சோறு போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பே "இதுதான் கடைசி ஆட்டம், முடிச்சுட்டு வா" என்று சொல்லிவிடுங்கள். அடுத்த ஆட்டத்தைத் தொடங்கிவிட்டு "டேங்க்" என்று சொன்னால் அது சாக்கு.

காசு வைத்து ஆடுகிற ஆட்டம் இல்லை. அந்த வகையைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே போட்டுவிட்டது. ஆனால் இதிலும் உடை, அலங்காரம் என்று நிஜப் பணத்துக்கு விற்பார்கள். போனில் பிளே ஸ்டோரில் வாங்கும்போது கட்டாயம் பாஸ்வேர்ட் கேட்கும்படி வைத்துவிட்டால் போதும்.

ஃபைனல் ஃபேன்டசி 14 இலவச ட்ரயலில் ஆடுகிறேன். டேங்க் பிடித்திருக்கிறது, ஆனால் டன்ஜனில் (நாலு பேர் சேர்ந்து எதிரிகளைத் தாண்டிப் போகிற இடம்) டேங்க்தான் முன்னால் நடக்க வேண்டும் என்கிறார்கள். வழியே தெரியாத நான் எப்படி மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போவது? பயத்தில் ஹீலராகவே இருக்கிறேன்.
*வாசகி, நாகர்கோவில்*

இந்தப் பயம் பலருக்கும் உண்டு, டேங்க் பஞ்சத்துக்கே இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். வழியைப் பற்றிக் கவலையே வேண்டாம். அந்தக் கேமின் கதை டன்ஜன்கள் பெரும்பாலும் ஒரே பாதைதான், தொலைந்துபோக வழி குறைவு. அதற்கும் மேல் டூட்டி சப்போர்ட் என்று ஒன்று இருக்கிறது, கதையோடு வருகிற டன்ஜன்களைக் கணினி ஆட்களோடு போய் ஆடலாம். அவர்கள் திட்ட மாட்டார்கள், அவசரப்படுத்த மாட்டார்கள். ஒரு டன்ஜனை முதலில் அவர்களோடு முடித்துவிட்டு அப்புறம் மனிதர்களோடு போங்கள். 15-ஆம் லெவலில் ஹால் ஆஃப் தி நொவிஸ் திறக்கும், டேங்க் பாடத்தை அங்கே படிப்படியாகச் சொல்லித்தருவார்கள், அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

உள்ளே போனதும் முதல் வேலை ஸ்டான்ஸ் என்கிற டேங்க் திறமையை ஆன் செய்வது. டேங்க் வகைகளில் கிளாடியேட்டருக்கு அது அயர்ன் வில், மராடருக்கு டிஃபையன்ஸ். அது ஆன் ஆகியிருந்தால் உங்கள் ஒவ்வொரு அடியும் எதிரியின் கோபத்தை உங்கள் மேல் பல மடங்கு கூட்டும், அதைத்தான் அக்ரோ என்கிறார்கள். ஆஃப் ஆகியிருந்தால் ஹீலரைக் கடிக்கப் போய்விடும். கூட்டமாக இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து அடிக்கிற திறமையை இரண்டு தடவை போட்டு நடுவில் நின்றுகொள்ளுங்கள். ஒன்று நழுவி ஹீலரிடம் ஓடினால் ப்ரவோக் திறமையைப் போடுங்கள், அந்த நொடியே அது உங்களைப் பார்த்துத் திரும்பும்.

பாஸ் என்கிற பெரிய எதிரி வந்தால் அதன் முகத்தை உங்கள் ஆட்களுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு, அப்புறம் அசையாதீர்கள். பாஸ் முன்பக்கமாக வீசுகிற அடி உங்களோடு நிற்கும், மற்றவர்கள் முதுகுப் பக்கம் நிம்மதியாக அடிப்பார்கள். புதிய டேங்குகள் பதற்றத்தில் பாஸைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள், பாஸும் கூடவே திரும்பும், அணியே பம்பரமாகச் சுற்றும். நின்ற இடத்தில் நிற்பதே பாதித் திறமை.

ராம்பார்ட் என்கிற தற்காப்புத் திறமையைப் போட்டால் 20 வினாடிகளுக்கு விழுகிற அடி 20 சதவீதம் குறையும். உயிர் போகிற நேரத்துக்கு என்று அதைப் பத்திரப்படுத்தி வைக்காதீர்கள். கூட்டம் முழுசாக உயிரோடு இருக்கிற முதல் வினாடிகளில்தான் அடி அதிகம், அப்போதே போடுங்கள். நீங்கள் ஹீலராக இருந்தவர், எந்த டேங்க் எப்போது உங்களைத் திணறடித்தார் என்று நன்றாகத் தெரிந்திருக்கும். அந்த அனுபவம் இருக்கிற டேங்கைத்தான் எல்லா ஹீலருக்கும் பிடிக்கும். போகும் முன் "டேங்குக்குப் புதுசு" என்று சாட்டில் ஒரு வரி எழுதுங்கள், பெரும்பாலும் மரியாதையாகத்தான் நடந்துகொள்வார்கள்.

லீக் ஆஃப் லெஜெண்ட்ஸில் டேங்குக்கு ஆர்மர் வாங்குவதா ஹெல்த் வாங்குவதா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
*வாசகர், கருங்கல்*

கணக்கைப் போட்டால் சண்டையே இல்லை. ஆர்மரோடு 100-ஐக் கூட்டி, அந்தத் தொகையால் 100-ஐ வகுத்தால் வருவதுதான் உங்கள் மேல் விழுகிற பங்கு. ஆர்மர் 100 என்றால் அடியில் பாதி, 200 என்றால் மூன்றில் ஒன்று. அதாவது ஹெல்த் 3000, ஆர்மர் 50 இருக்கிற ஆளைக் கொல்ல எதிரி 4500 அளவுக்கு அடி கொடுக்க வேண்டும். இப்போது 500 ஹெல்த் சேர்த்தால் அது 5250 ஆகும். அதற்குப் பதில் 50 ஆர்மர் சேர்த்தால் 6000. எது குறைவாக இருக்கிறதோ அதை ஏற்றினால்தான் லாபம் என்பது இதிலிருந்தே தெரியும். மேஜிக் அடிக்கு மேஜிக் ரெசிஸ்டுக்கும் இதே கணக்குதான்.

ஆனால் கடைக்குப் போகும் முன் ஸ்கோர்போர்டைத் திறந்து எதிர் அணியில் யார் காசு சேர்த்துக் கொழுத்திருக்கிறான் என்று பாருங்கள். அவன் மேஜிக் ஆள் என்றால் ஆர்மர் மலை மாதிரி இருந்தும் பிரயோஜனமில்லை. பிளேட் ஆஃப் தி ரூயின்ட் கிங் என்கிற வாளை வைத்திருந்தால் அது உங்கள் ஹெல்த்தில் இத்தனை சதவீதம் என்று அடிக்கும், அதற்கு எதிரே ஹெல்த்தைக் குவிப்பதைவிட ஆர்மர் நல்லது. ட்ரூ டேமேஜ், அதாவது எந்தத் தற்காப்பும் குறைக்காத அடி, அடிக்கிறவனிடம் ஆர்மர் எடுபடாது, ஹெல்த் மட்டும்தான் காக்கும். ஒவ்வொரு மேட்சிலும் ஒரே வரிசையில் பொருள் வாங்குகிற டேங்க் பாதி மேட்சில் தப்பாகத்தான் வாங்கியிருப்பார்.

ரேண்டம் ஆட்களோடு ஆடும்போது அம்மா அப்பாவை இழுத்துத் திட்டுகிறார்கள். பதில் சொல்லலாமா?
*வாசகர், குளச்சல்*

வேண்டாம் மக்கா. மியூட், ரிப்போர்ட், அடுத்த சண்டை. பதில் டைப் பண்ணுகிற நேரத்தில் டேங்க் அசையாமல் நிற்கிறார், அணி மொத்தமும் விழும்.

எங்கள் பக்கம் மழை பிடித்தால் ரப்பர் மரக்கிளை கம்பியில் விழுந்து கரண்ட் போய்விடும், நெட்டும் போய்விடும். கரண்ட் இருந்தாலும் பிங் (சர்வருக்குப் போய்வர ஆகிற நேரம்) ஏறி இறங்குகிறது. டோட்டா 2-வில் டேங்க் ஆட ஆசை. எனக்கு இது சரிப்படுமா?
*வாசகர், குலசேகரம்*

சரிப்படும், ஹீரோவைப் பார்த்து எடுத்தால். பிங் ஏறுகிற வீட்டில், எதிரி கை ஓங்கியதைப் பார்த்துக் கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் கொடுக்க வேண்டிய ஹீரோ வேண்டாம். சண்டையை நீங்களே தொடங்குகிற ஹீரோவாக எடுங்கள். ஆக்ஸ் அப்படி ஒரு ஆள். சட்டென்று இடம் மாற்றுகிற பிளிங்க் டாகரில் எதிரிகளின் நடுவே குதித்து பெர்சர்க்கர்ஸ் கால் என்கிற திறமையைப் போட்டால், பக்கத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் தங்கள் வேலையை விட்டுவிட்டு ஆக்ஸை அடித்தே ஆக வேண்டும், மந்திரத்தைத் தடுக்கிற பிகேபி பொருளைப் போட்டிருந்தாலும் தப்ப முடியாது. நேரத்தைத் தீர்மானிப்பவர் நீங்கள் என்பதால் கொஞ்சம் பிங் இருந்தாலும் காரியம் நடக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: எதிர் ஹீரோ ஒரு சின்ன அடி அடித்தாலும் மூன்று வினாடிகளுக்குப் பிளிங்க் வேலை செய்யாது. ஆகவே சண்டைக்கு முன் வெளிச்சத்தில் நிற்காமல் மரங்களுக்குள் மறைந்திருங்கள். டைட்ஹண்டரும் நல்ல தேர்வு, அவரின் ராவேஜ் திறமை சுற்றிலும் பெரிய வட்டத்துக்கு அடிப்பதால் குறி அவ்வளவு துல்லியமாக வேண்டியதில்லை.

நெட்டைப் பொறுத்தவரை முதலில் வைஃபையை விட்டுவிட்டு கேபிள் போட்டுப் பாருங்கள், பிங் ஏறி இறங்குவதில் பெரும்பங்கு வீட்டுக்குள்ளேதான். மோடத்துக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்கலாம், அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறதோ அதே வோல்ட்டில். லேப்டாப்பாக இருந்தால் கரண்ட் போனாலும் ஆட்டம் போகாது. ஃபைபரே அறுந்தால் போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுங்கள். டோட்டாவில் இணைப்பு அறுந்தால் திரும்பி வர மொத்தம் ஐந்து நிமிடம் கொடுப்பார்கள், அதைத் தாண்டினால் பாதியில் ஓடியவர் என்று கணக்கு வைத்துத் தண்டனை வரும். ஆட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்துகிற பாஸ் போடவும் வசதி இருக்கிறது, மழை நாளில் ஆட்டம் தொடங்கும்போதே அணியிடம் சொல்லி வைத்தால் யாராவது போட்டு வைப்பார்கள். இடி இடிக்க ஆரம்பித்தால் மட்டும் தரவரிசைக்குக் கணக்கு வைக்கிற ரேங்க்ட் மேட்ச் தொடங்காதீர்கள், மோடம் அடாப்டரையும் பிளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள்.