மருத்துவரிடம் கேளுங்கள்: பயிற்சியின் நடுவே வந்த உச்சம்

கேள்வி: எனக்கு 34 வயது. கம்பியில் தொங்கியபடி முழங்கால்களை மார்புவரை உயர்த்தும்போது, காம நினைவே இல்லாமல் உச்சம் வந்துவிடுகிறது. கூச்சத்தில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். என் மனம் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லவே இல்லை, அம்மா! அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகப் பாலியல் ஆய்வாளர் ஆல்ஃபிரட் கின்சி 1953-இலேயே இதைப் பதிவுசெய்துவிட்டார். பின்னர் அங்கு நடந்த ஆய்விலும் வயிற்றுப் பயிற்சியைத்தான் பெண்கள் அதிகம் குறிப்பிட்டார்கள். உச்சம் என்பது நரம்பின் அனிச்சைச் செயல். தும்மலைப் போல, ஆசை இல்லாமலும் வரும். வயிற்றுத் தசைகளோடு, கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளும் இறுகுவது அதைத் தூண்டக்கூடும். களைப்பு ஏறும்முன் நிறுத்திப் பாருங்கள். கூடத்தை விட்டுவிடாதீர்கள், அதுதான் எனக்கு வருத்தம். ஓய்விலும் கிளர்ச்சி மணிக்கணக்கில் நீடித்தாலோ, நினைவு தடுமாறினாலோ நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.