விண்ணப்பத்தில் என்ன வேலை என்று எழுதுவது?

கேள்வி: குலசேகரம் பக்கத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு வயது 38. விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டுவார், அது முடிந்ததும் தென்னை ஏறித் தேங்காய் வெட்டப் போவார். விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் விபத்து இன்ஷூரன்ஸ் கேட்டோம். வங்கியில் வேலை பார்க்கும் என் தம்பிக்குச் சொன்ன பிரீமியத்தைவிட இவருக்கு அதிகம் சொல்கிறார்கள். "விவசாயம் என்று மட்டும் எழுதிவிடலாம், குறையும்" என்கிறார் ஏஜென்ட். அப்படி எழுதலாமா? எவ்வளவு தொகைக்கு எடுப்பது?

பதில்: தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். "விவசாயம்" என்பது முழுப் பொய் இல்லை, அதனால்தான் மனம் அதற்கு ஒத்துக்கொள்கிறது. ஆனால் தென்னையிலிருந்து விழுந்தவரின் கிளெய்ம் போகும்போது, "மரம் ஏறுவதுதான் தொழில் என்று ஏன் சொல்லவில்லை?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். உண்மையை மறைத்தார்கள் என்று சொல்லி கிளெய்மையே மறுக்க அது போதும். இப்படிக் கிளெய்ம் பணம் கைவிட்டுப்போன ஒரு குடும்பம் என் முன்னால் உட்கார்ந்து அழுததை நான் மறக்கவில்லை. வருடத்துக்குச் சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்து, பல லட்சத்தை விட்டிருந்தார்கள்.

பிரீமியம் ஏன் கூடுகிறது என்றால், விபத்து பாலிசியில் வயதைவிட வேலைதான் பெரிய விஷயம். மேசை வேலை, ஆசிரியர், கணக்கர் எல்லாம் ஒரு பிரிவு. உடலுழைப்பு, கட்டட வேலை, வண்டி ஓட்டுவது அடுத்த பிரிவு. சுரங்கம், வெடிமருந்து, உயர் அழுத்த மின்கம்பி போன்றவை அதற்கும் மேல். மரம் ஏறுவதை எந்தப் பிரிவில் வைப்பது என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வித்தியாசம் உண்டு, சிலர் எடுக்கவே தயங்குவார்கள். அதனால் ரப்பர் வெட்டு, தென்னை ஏற்றம் இரண்டையும் எழுதி மூன்று இடத்திலாவது விலை கேளுங்கள். பின்னாளில் வேலை மாறினால் அதையும் எழுத்தில் தெரிவியுங்கள்.

ஒப்பிட எளிதானது 'சரல் சுரக்ஷா பீமா' என்ற விபத்து பாலிசி. 2021 ஏப்ரல் முதல் எல்லா நிறுவனத்திலும் ஒரே விதிமுறையோடு கிடைக்கிறது. 2.5 லட்சம் முதல் 1 கோடி வரை எடுக்கலாம். ஊரைப் பார்த்து பிரீமியம் மாறாது. இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் முழுத் தொகை, ஒரு கையோ காலோ கண்ணோ போனால் பாதி.

இதில் உங்கள் வீட்டுக்குத் தேவையான ஒன்று தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும். கால் முறிந்து மூன்று மாதம் படுத்தால் வாரா வாரம் பணம் தரும் பகுதி அது. காப்பீட்டுத் தொகையில் வாரத்துக்கு 0.2 சதவீதம் கிடைக்கும். 10 லட்சத்துக்கு எடுத்தால் வாரம் 2,000 ரூபாய், 20 லட்சத்துக்கு 4,000. மழைக்கு வெட்டு இல்லாத நாட்களையும் கழித்து, வாரத்துக்கு அவர் உண்மையில் எவ்வளவு கொண்டு வருகிறார் என்று எழுதிப் பாருங்கள். அதிலிருந்து தொகையை முடிவு செய்யுங்கள். வருமானத்துக்கு ஏற்பத்தான் தொகை தருவார்கள் என்பதால், கூலியில் ஒரு பகுதியையாவது வங்கிக் கணக்கில் போட்டு வையுங்கள். நாளை பாஸ்புக்தான் சாட்சி.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். முதுகெலும்பில் அடிபட்டு அவரால் இனி மரம் ஏறவே முடியாது, ஆனால் கடையில் உட்கார முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் பாலிசிகள் பெரும்பாலும் அதை நிரந்தர முழு ஊனமாக ஏற்காது. எந்த வேலையுமே செய்ய முடியாத நிலையைத்தான் அவை பார்க்கின்றன. நோயால் வரும் இடுப்பு வலிக்கும் பக்கவாதத்துக்கும் விபத்து பாலிசியில் பணம் இல்லை. குடித்திருந்த நேரத்தில் நடந்த விபத்துக்கும் இல்லை. இந்த ஓட்டையை அடைக்க அஞ்சலகத்தில் மாதம் ஒரு சிறு தொகை போட்டு வாருங்கள்.

வேலையைப் பார்க்காத திட்டமும் இருக்கிறது. பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனாவுக்கு வருடம் 20 ரூபாய், வங்கி அதிகாரிக்கும் மரம் ஏறுபவருக்கும் ஒன்றுதான். இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம், ஒரு கை, கால் அல்லது கண் போனால் 1 லட்சம். மே கடைசியில் அந்தப் பிரீமியத்தைப் பிடிக்க வங்கிக் கணக்கில் பணம் இருக்க வேண்டும். அப்புறம், தென்னை வளர்ச்சி வாரியத்தின் 'கேரா சுரக்ஷா' தென்னை ஏறுபவர்களுக்கென்றே உள்ளது, பிரீமியத்தில் பெரும்பகுதியை வாரியமே கட்டுகிறது. வேளாண்மை அலுவலகத்தில் விண்ணப்பம் பற்றிக் கேளுங்கள். என்னைக் கேட்டால் முதலில் இந்த இரண்டு, பிறகு தனி பாலிசி.

விபத்து நடந்தால், ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரி ஆனாலும் பக்கத்து ஆஸ்பத்திரி ஆனாலும், அன்றே போய் 'மரத்திலிருந்து விழுந்தார்' என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். விடியலில் தோட்டத்தில் பாம்பு கடித்தாலும் அதேதான். பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனாவில் இந்த இரண்டுக்கும் உடனே எடுத்த ஆஸ்பத்திரிப் பதிவுதான் ஆதாரம். "கால் வழுக்கியது" என்று மட்டும் எழுதியிருந்தால் அங்கேயே திருத்தி வாங்குங்கள்.