மிஷன் பீக் அடிவாரம்: கேள்வி பதில்

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் நகரின் மிஷன் பீக் மலை (2,517 அடி) பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள். பார்க்கிங் பற்றி மட்டும் ஏகப்பட்டது வந்திருக்கிறது. முதலில் அதையே முடித்துவிடலாம்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் குடும்பத்தோடு வருகிறோம். ஸ்டான்ஃபோர்ட் அவென்யூ வாசலில் பார்க்கிங் இடம் கிடைக்குமா?

கிடைக்காது. பார்க்கிங் லாட் சின்னது, இலவசம் வேறு. பக்கத்துத் தெருக்களில் பலகையைப் படிக்காமல் நிறுத்தாதீர்கள். அங்கே குடியிருப்போருக்கு மட்டும் பெர்மிட், மற்றவர்களுக்கு டிக்கெட். மலைக்கு இன்னொரு வாசலான ஓலோனி காலேஜுக்குப் போங்கள். கட்டணம் உண்டு, ஆனால் அலைச்சல் இல்லை. பாதை கொஞ்சம் நீளம், ஏற்றம் இதமாக இருக்கும். ஃப்ரீமான்ட் பார்ட் (BART) ரயில் நிலையத்திலிருந்து காலேஜுக்கு ஏசி ட்ரான்சிட் (AC Transit) என்ற உள்ளூர் நிறுவனத்தின் பஸ்ஸும் ஓடுகிறது.

எவ்வளவு தண்ணீர் வேண்டும் அண்ணா? மேலே நிரப்பிக்கொள்ளலாமா?

மேலே குழாய் இருக்கும் என்று நம்பி ஏறாதீர்கள். நீரூற்று என்று பெயர் போட்ட இடங்கள் வரைபடத்தில் தெரியும். அந்தத் தண்ணீரில் மாடு நிற்கும், அப்படியே குடிக்க முடியாது. பெரியவர் ஒருவருக்கு இரண்டு லிட்டர். மே முதல் அக்டோபர் வரை மூன்று. ஸ்டான்ஃபோர்ட் பக்கப் பாதையில் நிழல் என்பதே கிடையாது; மூன்று மைலில் இரண்டாயிரம் அடிக்கு மேல் ஏறுகிறீர்கள். கொண்டுவந்ததில் பாதி தீர்ந்தால், எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். உச்சி தெரிகிறதே என்று போகிறவர்கள்தான் இறக்கத்தில் தலைசுற்றி உட்காருகிறார்கள்.

ஃப்ளஷ் இல்லாத டாய்லெட்டில் தண்ணீர் ஊற்றிக் கழுவலாமா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட ஒன்றுமில்லை, நம் ஆட்கள் எல்லாருக்கும் உள்ள சந்தேகம். ஒரு சின்ன பாட்டில் தண்ணீரால் குடி முழுகாது. வாளி வாளியாக ஊற்றினால் அடியில் உள்ள தொட்டி சீக்கிரம் நிறையும், நாற்றமும் கூடும். அந்தத் தொட்டிக்குச் சாக்கடை இணைப்பு கிடையாது, லாரி வந்துதான் உறிஞ்சும். ஈரத்துடைப்பான், டயப்பர், தண்ணீர் பாட்டில் இவற்றில் எது விழுந்தாலும் உறிஞ்சுகுழாயை அடைக்கும். பிறகு ஒருவர் நீளக் கம்பியால் அதைக் கிளறி எடுக்க வேண்டும். வெளியே வரும்போது மூடியைச் சாத்துங்கள். தொட்டியின் காற்று கூரைக்கு மேலே நிற்கும் குழாய் வழியாகப் போகும்படி அமைத்த டாய்லெட் அது. மூடி திறந்திருந்தால் நாற்றம் அறைக்குள் திரும்பும். சானிடைசரை வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள்.

ஞாயிறு மாலை பார்க்கிங் எப்படி?

மேலே முதல் பதில்.

சைக்கிள், குதிரை, நடப்பவர்கள் எல்லாரும் ஒரே பாதையில். யார் ஒதுங்குவது?

சைக்கிள் எல்லாருக்கும் ஒதுங்கணும். நடப்பவர் குதிரைக்கு ஒதுங்கணும். குதிரை எதிரே வந்தால் நின்று, சவாரி செய்கிறவரிடம் சாதாரணக் குரலில் ஒரு வார்த்தை பேசுங்கள். உங்களை மனிதன் என்று குதிரை புரிந்துகொள்ளும். முதுகு மூட்டைக்கு மேலே குடை விரித்துக்கொண்டு மௌனமாக நிற்பது மோசம். பொதுவாகப் பள்ளத்துப் பக்கம் நிற்கச் சொல்வார்கள். குதிரை மிரண்டால் மேட்டுப் பக்கம் ஏறட்டும் என்பதற்காக. சரிவு ஆபத்தாக இருந்தால், சவாரி செய்பவர் சொல்லும் பக்கம் நில்லுங்கள்.

வளைந்து வளைந்து போவதற்குப் பதில் புல்லில் நேராக இறங்கினால் என்ன தப்பு?

அந்தக் கோட்டில் புல் சாகும், மண் இறுகும், மழைநீர் உள்ளே இறங்காமல் அதன் வழியே ஓடும். இரண்டு மழைக்காலத்தில் அது ஓடை. மூன்றாவதில் கீழே உள்ள பாதையையே அறுக்கும். வேலி போட்டு மூடிய இடங்களைப் போகும்போதே பார்க்கலாம்.

அதே கேள்விக்காரர் மறுபடியும்: மாடுகள் நாள் முழுக்க அங்கேதான் நடக்கின்றன. மாடு நடந்தால் தேயாதா?

தேயும். ஆனால் மாடு சரிவுக்குக் குறுக்காக நடக்கும். அதனால் மலை முழுக்கக் குறுகலான படிவரிகள் தெரிகின்றன. நீங்கள் செங்குத்தாக இறங்குகிறீர்கள், தண்ணீர் போகிற அதே திசையில். மாடுகள் அங்கே இருப்பதற்கும் காரணம் உண்டு: காய்ந்த புல்லைக் குறைத்தால் தீ பரவுவது குறையும்.

இன்னொருவர்: அப்படியானால் படிக்கட்டு கட்டிவிடலாமே? நம்ம ஊர் மலைக்கோயிலில் இல்லையா?

மலைக்கோயிலில் சைக்கிளும் குதிரையும் ஏறுவதில்லை. இது ரேஞ்சர் வண்டியும் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் போகிற பாதை. படி போட்டால் கால் முறிந்தவரை யார் இறக்குவது?

முதலாமவர்: மழைக்காலத்தில் பாதையே சேறாகிறது. ஓரமாகப் புல்லில் போவதில் தப்பில்லை, அல்லவா?

தப்புதான். சேற்றைத் தவிர்த்து ஓரமாகப் போகப் போகப் பாதை அகலும். அங்கே களிமண், ஷூவுக்கு அடியில் இரண்டு அங்குலம் ஒட்டும். நடுவிலேயே நடந்து, வீட்டில் கழுவுங்கள். மழை நின்று இரண்டு நாள் கழித்து வருவது இன்னும் நல்லது. இந்த வாதத்தை இத்துடன் விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கன்றுக்குட்டியோடு போட்டோ எடுக்கலாமா?

வேண்டாம். பக்கத்திலேயே தாய் இருக்கும். நாயைக் கூட்டிவந்தால் இன்னும் தள்ளிப் போங்கள், கயிற்றைக் கையில் பிடித்தபடி.

பாய்சன் ஓக் பட்டுவிட்டது. என்ன செய்ய?

மூன்று மூன்றாக இலை விட்ட செடி, இலையுதிர்ந்த குச்சியிலும் அரிப்பு உண்டாக்கும் எண்ணெய் இருக்கும். பட்ட இடத்தைக் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கழுவுங்கள். சட்டை, ஷூ லேஸ், நாயின் ரோமம் மூன்றையும் மறக்காதீர்கள்.

ராட்டில்ஸ்னேக் (விஷப் பாம்பு) கடித்தால்?

911 அவசர எண்ணுக்கு உடனே போன். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கட்டுப் போடாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். மோதிரம், வாட்ச்சைக் கழற்றுங்கள்.

ட்ரோன்?

கூடாது.

பௌர்ணமி இரவு ஏறலாமா? மேலே டென்ட் அடிக்கலாமா?

வாசலில் எழுதியிருக்கும் நேரத்துக்கு முன் கீழே வந்துவிட வேண்டும், இல்லையேல் அபராதம். சூரிய அஸ்தமனம் பார்க்கக் கூட்டமாகப் போகிறவர்கள் இறங்கும் நேரத்தையும் கணக்குப் பண்ணணும். தங்க வேண்டுமானால் ஈகிள் ஸ்பிரிங் முகாம் இருக்கிறது. கிழக்கு விரிகுடா வட்டாரப் பூங்கா நிர்வாகத்திடம் முன்பதிவு வேண்டும்.

உச்சிக் கம்பத்தில் ஏறி நின்று போட்டோ...?

1990இல் வைத்த கம்பம் அது. அதிலுள்ள குழாய்கள் கண் வைத்துப் பார்க்க. ஏற அல்ல. போட்டோவுக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் தண்ணீர் குடியுங்கள்.

இறங்கும்போது கால் விரல் நகம் கறுத்துப் போகிறது. பெரிய ஷூ வாங்கணுமா?

முதலில் லேஸைப் பாருங்கள் தம்பி. மேல் கண்ணி இரண்டிலும் லேஸை ஒரு வளையமாக விட்டு, எதிர்ப்பக்க நுனியை அதற்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் பின்னே நிற்கும், விரல் முன்னே இடிக்காது. இதை உச்சியிலேயே, இறங்குவதற்கு முன் செய்யுங்கள். நகத்தையும் ஒட்ட வெட்டுங்கள். அப்படியும் இடித்தால் அரை சைஸ் பெரிசு. உருளும் சரளையில் காலடியை நீளமாக வைக்காமல் குட்டையாக வையுங்கள்.

அடுத்த வாரம் லாங் வீக்எண்ட். ஸ்டான்ஃபோர்ட் அவென்யூவில் பார்க்கிங்...

ஓலோனி காலேஜ்.