மீட்டர் கேபிள் அறுந்ததற்கு இன்ஜின் கேஸையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: 1960களின் பிரிட்டிஷ் இரட்டை சிலிண்டர் வண்டி ஒன்று வைத்திருக்கிறேன். இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கேஸில் (உலோக வெளிக்கூட்டில்) இருக்கின்றன. ஸ்பீடோமீட்டர் முள் சில வாரம் துள்ளியது, அப்புறம் நின்றுவிட்டது. புதுக் கேபிள் போட்டும் சீக்கிரமே அறுந்தது. இப்போது கேபிள் கியர்பாக்ஸில் நுழையும் இடத்தில் ஆயில் கசிகிறது. கேஸ் போய்விட்டது, தெரிந்தவரிடம் ஒரிஜினல் கேஸ் இருக்கிறது என்கிறார் மெக்கானிக். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கேஸ் உடைந்ததை உங்கள் கண்ணால் பார்க்கும்வரை முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

புதுக் கேபிள் சீக்கிரம் அறுகிறதென்றால் எங்கோ ஒரு முனை இறுகியிருக்கிறது. பெரும்பாலும் மேல்முனை, அதாவது மீட்டர்தான். உள்ளே எண்ணெய் வறண்டு சுழல மறுக்கும். கேபிள் முறுக்கேறி முறுக்கேறி விடுபடும். அதுதான் நீங்கள் பார்த்த துள்ளல். அதன் பிறகு கேபிள் அறும், இல்லையென்றால் கீழே கேபிளைச் சுழற்றும் சிறு பல்சக்கரமான பினியனின் பல் போகும். பினியன் தன்னைத் தாங்கும் உலோகக் குழலான புஷ்ஷில் இறுகிக்கொண்டால் புஷ்ஷும் சேர்ந்து சுழன்று கேஸின் அலுமினியத்தைத் தின்றுவிடும். துளை பெரிதாகி ஆயில் கசியும். இதற்கு லேத் பட்டறையில் ஒரு அளவு பெரிய புஷ் கடைந்து போட்டால் போதும். கேபிள் நட்டின் மரை போயிருந்தாலும் அதற்கும் வழி உண்டு.

முதலில் மீட்டரைக் கழற்றுங்கள். பழைய உள்கம்பித் துண்டு ஒன்றை அதன் சதுரத் துளையில் செருகி விரலால் உருட்டுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். இறுகினால் மீட்டரைச் சரிசெய்யாமல் எத்தனை கேபிள் போட்டாலும் வீண். அடுத்து, கேபிளைக் கீழே மாட்டி மேல்முனையை மீட்டரில் கையால் பொருத்துங்கள். கேபிளின் வெளியுறை விளிம்பு தானாகவே போய் உட்கார வேண்டும். நட்டை முறுக்கி இழுத்தால்தான் உட்காருகிறது என்றால் உள்கம்பி நீளம் அதிகம். அது பினியனை நாளெல்லாம் கேஸுக்குள் அழுத்திக்கொண்டே இருக்கும். ‘எல்லா மாடலுக்கும் பொருந்தும்’ என்று அச்சிட்ட பாக்கெட்டில் வரும் கேபிள்களில் இந்தக் கோளாறு சகஜம். நீளத்தை அளந்து விற்பதற்கு யாருக்கு நேரம் இருக்கிறது!

இனி கேஸ். கசியும் இடத்தை நன்றாகத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி, சிறிது நேரம் ஊறவிட்டு, மறுபடி உலரத் துடைத்துவிட்டு சாக்பீஸ் பொடி தூவுங்கள். வெடிப்பு இருந்தால் பொடியில் ஈரக் கோடு விழும். கோடு பேரிங் உட்காரும் இடம்வரை ஓடாவிட்டால், பழைய அலுமினியத்தில் பழகிய வெல்டர் ஆர்கான் வெல்டிங்கில் அடைத்துவிடுவார். ஆனால் இன்ஜினை முழுதாகப் பிரித்துக் கேஸில் ஊறிய ஆயிலைப் போக்கி, சூடேற்றித்தான் வைக்க வேண்டும். வண்டியில் இருக்கும்போதே ‘ஒரு பொட்டு’ வைத்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

பினியன் பல் உடைந்திருந்தால் துண்டு கியர்பாக்ஸுக்குள்தான் கிடக்கும். ஆயிலைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். பினியன் வெண்கலமாக இருந்தால் துண்டு காந்தத்தில் ஒட்டாது.

அந்த ‘தெரிந்தவர்’ விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரி இன்ஜின்களில் கேஸின் இரண்டு பாதிகளும் ஜோடியாகக் கடையப்பட்டவை. ஒற்றைப் பாதி வாங்கினால் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்குகள் நேர்கோட்டில் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தவிர, இன்ஜின் எண் கேஸில்தான் இருக்கிறது. கேஸ் மாறினால் பதிவு ஆவணமும் வண்டியும் பொருந்தாது. பிறகு ஒரு புஷ்ஷுக்காக அலுவலகம் அலுவலகமாக நீங்கள்தான் அலைய வேண்டும். ‘உங்கள் எண்ணையே அடித்துத் தருகிறேன்’ என்று தரகர் சொன்னால் அந்த இடத்தைவிட்டுக் கிளம்புங்கள். பிரிட்டிஷ் நிறுவனமான ட்ரையம்ப், 1969 வாக்கிலிருந்து எண் அடிக்கும் இடத்தில் நிறுவனப் பெயரைப் பொடிப்பொடியாகப் புடைப்பாகப் பதித்தது இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். அப்படிப்பட்ட வண்டியில் அந்த இடம் வழவழவென்று இருந்தால் அரம் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கசிவை நிறுத்த சிலிக்கோன் பேஸ்ட் அப்பலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். புஷ் சரியானால் அதற்குத் தேவையே இருக்காது. பழைய பி.எம்.டபிள்யூ பாக்ஸர் (சிலிண்டர்கள் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் வண்டி) வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே போகக் கூடாது. அவற்றில் கேபிளைப் பிடித்திருக்கும் போல்ட் உள்ளே துளையுள்ளது. கியர்பாக்ஸ் மூச்சுவிடுவதே அதன் வழியாகத்தான். பேஸ்ட் அடைத்தால் அழுத்தம் ஏறி ஆயில் சீல் வழியே வெளியேறும். கவனிக்க வேண்டியது கேபிளைச் சுற்றியுள்ள ரப்பர் உறையைத்தான். அது கிழிந்தால் மழைநீர் இறங்கி கியர் ஆயில் பால் நிறமாகிவிடும். பல மாடல்களில் பேட்டரியின் எர்த் கம்பியும் அதே போல்ட்டில்தான் வருகிறது. எனவே முதலில் பேட்டரி முனையிலேயே எர்த்தைக் கழற்றிவிட்டுத் தொடுங்கள். திரும்ப முடுக்கும்போது பலத்தைக் காட்டாதீர்கள், துளை போல்ட் முறிந்துவிடும்.

உங்கள் வண்டிக்கு வருவோம். புதுப் பினியன் வாங்கினால் பழையதையும் கையோடு கொண்டுபோய்ப் பல்லை எண்ணி வாங்குங்கள். மீட்டரும் மாற்றப்போகிறீர்கள் என்றால், ஸ்மித்ஸ் நிறுவன மீட்டரின் டயலில் 1600 அல்லது 1000 என்று சிறிதாக ஓர் எண் இருக்கும்: மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று என்ற கணக்கு அது. பழையதில் உள்ள எண்ணே புதியதிலும் இருக்க வேண்டும். எண்ணைக் கேட்டால் முழிக்கும் கடையில் வாங்காதீர்கள்.