இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரில் கணினி பொருத்துதல்: கேள்வி பதில்

சிறிய ஸ்போர்ட்ஸ் காருக்குள் கணினி பொருத்த விரும்பும் அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பலரும் கேட்டிருப்பது எந்தக் கணினி, எந்தத் திரை என்பதைப் பற்றித்தான். ஆனால் இத்தகைய வேலைகள் பெரும்பாலும் பழுதாவது மின்சாரம் கொடுக்கும் விதத்தில் என்பதால், பதில்களில் அதற்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: என்னிடம் 1990-களின் தொடக்கத்தில் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. ரேடியோ இருந்த இடத்தில் ஒரு திரை வைத்து, ராஸ்பெர்ரி பை என்ற சிறிய கணினிப் பலகை கொண்டு பாட்டு, வரைபடம், எஞ்சின் விவரங்கள் ஆகியவற்றைப் பார்க்க விரும்புகிறேன். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் செல்போன் சார்ஜர் மின்சாரத்துக்குப் போதுமா?

பதில்: போதாது. கார் மின்சாரத்தை 12 வோல்ட் என்று சொல்வது ஒரு வழக்கு மட்டுமே. நல்ல பேட்டரி ஓய்வில் இருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது அதனால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் அதை 14 வோல்ட்டை ஒட்டி வைத்திருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும் அந்தச் சில நொடிகளில், குறிப்பாகக் குளிர்காலத்தில், 7 வோல்ட் அல்லது அதற்கும் கீழே இறங்கிவிடும். ஆல்டர்னேட்டர் முழு வேகத்தில் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது பேட்டரி இணைப்பு விட்டுப்போனால், ஒரு கணம் பல பத்து வோல்ட் வரை துள்ளவும் கூடும். ஆகவே 6 முதல் 30 வோல்ட்டுக்கு மேல் வரை தாங்கக்கூடிய, வாகனங்களுக்கென்றே செய்யப்பட்ட, திடீர் துள்ளலைத் தடுக்கும் பாதுகாப்புள்ள, கார் மின்சாரத்தைக் கணினிக்கு வேண்டிய 5 வோல்ட்டாக மாற்றும் மின்மாற்றிப் பலகையை வாங்குங்கள். கணினியைவிட இதற்குச் சற்று அதிகம் செலவானாலும் தயங்க வேண்டாம்.

ராஸ்பெர்ரி பை 4-க்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் தேவை. பை 5-க்கு 5 ஆம்பியர் தேவை. இவ்வளவு மின்னோட்டத்தை மெல்லிய யுஎஸ்பி வயரில் இரண்டு மீட்டர் தூரம் கொண்டுபோனால் வழியிலேயே அரை வோல்ட் காணாமல் போகும். பலகையில் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனவுடன் திரையில் மின்னல் குறியுடன் எச்சரிக்கை வரும். பலர் இதைப் பார்த்துவிட்டுப் பலகையையே மாற்றுகிறார்கள். குற்றவாளி பெரும்பாலும் வயர்தான். ஆகவே 12 வோல்ட் வயரைக் கணினியின் அருகே வரை தடிமனாகக் கொண்டுவந்து, அங்கேயே 5 வோல்ட்டாக மாற்றுங்கள்.

உங்கள் காரில் பேட்டரி டிக்கியில் இருப்பது ஒரு வசதி. அதிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வைத்துவிடுங்கள். ஃபியூஸ் காப்பது கணினியை அல்ல, வயரை. வயர் எங்காவது உராய்ந்து உலோகத்தைத் தொட்டால் தீப்பிடிக்காமல் தடுப்பது அது ஒன்றுதான். கணினியின் அருகே ஃபியூஸ் வைத்தால் அதற்கு முன்னுள்ள வயர் முழுவதும் காப்பின்றிக் கிடக்கும்.

கேள்வி: சாவியைத் திருப்பி எடுத்தவுடன் கணினிக்கு மின்சாரம் நின்றுவிடுகிறது. இரண்டு முறை மெமரி கார்டு கெட்டுப்போனது. என்ன செய்யலாம்?

பதில்: எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றால் மெமரி கார்டில் கோப்பு அமைப்பு சிதையும். இதற்குக் கணினிக்கு இரண்டு வயர்கள் வேண்டும். எப்போதும் மின்சாரம் உள்ள வயர் ஒன்று கணினிக்கு உணவளிக்கட்டும். சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறும் இன்னொரு வயர் செய்தி சொல்வதற்கு மட்டும் பயன்படட்டும். சாவியை எடுத்ததும் செய்தி வயர் அணைகிறது. மின்மாற்றிப் பலகை அதைக் கவனித்து, கணினிக்கு முறையாக மூடிக்கொள்ளும்படி சைகை கொடுத்து, ஒரு நிமிடம் போலப் பொறுத்திருந்து, பிறகு முழுவதுமாகத் துண்டிக்கிறது. இந்த வேலையைச் செய்யும் பலகைகள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன.

இதனோடு, கணினியின் முதன்மைப் பகுதியைப் படிக்க மட்டும் உரிய நிலையில் வைத்து, பதிவுகளைத் தனி எஸ்எஸ்டி-யில் எழுதச் செய்யுங்கள். ராஸ்பெர்ரி பையின் அமைப்புப் பட்டியலிலேயே இதற்கான வசதி உண்டு. சுழலும் வட்டுள்ள பழைய ஹார்டு டிஸ்க்கைக் கடினமான சஸ்பென்ஷன் கொண்ட காரில் வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கேள்வி: என் காரை வாரக்கணக்கில் எடுப்பதே இல்லை. கணினி பேட்டரியைத் தின்றுவிடாதா?

பதில்: கணக்கைப் பாருங்கள். துண்டிக்கப்படாமல் வெறும் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலும் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி, 30 நாளில் 21.6 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள சிறிய காரில் அதற்குப் பிறகு எஞ்சின் சுழல்வது சந்தேகமே. மூடிய நிலையிலும் கணினிப் பலகை சிறிதளவு மின்சாரம் இழுக்கும் என்பதால், மென்பொருளில் மூடுவது மட்டும் போதாது. பலகைக்கு வரும் மின்சாரமே நிற்க வேண்டும். மின்னழுத்தம் 12 வோல்ட் அளவுக்கு இறங்கினால் தானாகத் துண்டிக்கும் வசதியும் இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் பேட்டரியின் எதிர்முனை வயரில் மல்டிமீட்டரைத் தொடராக வைத்து, கதவுகளை மூடி, காரின் மற்ற மின்னணுக் கருவிகள் உறங்கும்வரை காத்திருந்து கசிவை அளந்துவிடுங்கள். மீட்டர் அந்த நிலையில் இருக்கும்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

கேள்வி: கணினியை எங்கே வைப்பது நல்லது? டேஷ்போர்டின் மேல், இருக்கைக்கு அடியில், டிக்கியில் என்று மூன்று யோசனை வைத்திருக்கிறேன்.

பதில்: டேஷ்போர்டின் மேல் வேண்டவே வேண்டாம். வெயிலில் மூடி நிற்கும் காரில் அந்தப் பரப்பு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ராஸ்பெர்ரி பையின் சில்லு 80 டிகிரியை நெருங்கியதுமே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளத் தொடங்கும். ஆக, வேலையைத் தொடங்குமுன்பே அது களைத்துவிடும். திறந்த கூரையுள்ள கார்களில் மழைநீர் இருக்கைக்கு அடியிலுள்ள கம்பளத்தில்தான் தேங்கும். நடுவிலுள்ள கியர் மேடையின் அடியில் எக்ஸாஸ்ட் குழாய் ஓடுவதால் அதன் ஓரங்களும் சூடாகும்.

இருக்கைகளுக்குப் பின்னால், தரையிலிருந்து சற்று உயரத்தில், காற்று புகும் உலோகப் பெட்டிக்குள் வைப்பதையே நான் விரும்புவேன். டிக்கியும் மோசமில்லை, திரைக்கான வயர் நீளும், அவ்வளவுதான். பவர் பேங்க் போன்ற லித்தியம் பேட்டரிகளை மட்டும் வெயிலில் நிற்கும் காரில் நிரந்தரமாக விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி: கூரையைத் திறந்து ஓட்டும்போது திரையில் ஒன்றுமே தெரியவில்லை.

பதில்: சாதாரணத் திரையின் ஒளிர்வு 300 நிட் அளவில் இருக்கும். நேரடி வெயிலுக்கு 1000 நிட்டாவது வேண்டும். அதோடு கண்ணாடிப் பளபளப்பில்லாத மேற்பரப்பைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஒளிர்வு இரவில் கண்ணைக் கூசும் என்பதால், காரின் விளக்கு வயரிலிருந்து சைகை எடுத்து, விளக்கு எரிந்தால் திரை மங்கும்படி செய்ய வேண்டும். தொடுதிரையை மட்டும் நம்பாமல் சுழற்றி அழுத்தும் குமிழ் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். ஆடும் காரில் விரலால் சரியான இடத்தைத் தொட முயல்வதற்குள் கண் சாலையை விட்டு நீண்ட நேரம் விலகிவிடும். ஏர்பேக் விரியும் பாதையில் எதையும் ஒட்டக் கூடாது. மஞ்சள் நிற இணைப்பிகள் பொதுவாக ஏர்பேக்கைச் சேர்ந்தவை என்பதால் அவற்றைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: லோட்டஸ் எலீஸில் எர்த் வயருக்காக சேஸியில் ஒரு துளை போடலாமா?

பதில்: கூடாது. 1996-இல் வந்த அந்தக் காரின் சேஸி அலுமினியப் பகுதிகளைப் பசையால் ஒட்டிச் செய்தது. அதில் துளையிடுவது வலுவைக் கெடுக்கும். ஏற்கெனவே உள்ள எர்த் புள்ளிக்கோ பேட்டரியின் எதிர்முனைக்கோ தனி வயர் கொண்டுபோங்கள். வெளி உடல் ஃபைபர் என்பதால் ஜிபிஎஸ் ஆண்டெனாவை அதன் அடியிலேயே மறைத்துவைக்கலாம்.

கேள்வி: ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஒரு கீச்சொலி கூடிக்கொண்டே போகிறது.

பதில்: அது ஆல்டர்னேட்டரின் ஒலி. கணினியும் ஆம்பிளிஃபயரும் வெவ்வேறு இடங்களில் எர்த் ஆகியிருந்தால் இரண்டுக்கும் இடையே ஆடியோ வயர் வழியாக மின்னோட்டம் ஓடும். கணினியைத் தற்காலிகமாகத் தனி பேட்டரியில் இயக்கிப் பாருங்கள். ஒலி மறைந்தால் காரணம் இதுவே. இரண்டையும் ஒரே எர்த் புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். அப்படியும் தீராவிட்டால் ஆடியோ வயரில் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம்.

கேள்வி: எஞ்சின் விவரங்களை ஓபிடி எனும் காரின் பரிசோதனை இணைப்பிலிருந்து எடுத்து, பந்தயத் தடத்தில் ஒவ்வொரு சுற்றையும் பதிவு செய்ய வேண்டும். எல்லாக் கார்களிலும் முடியுமா?

பதில்: முடியாது. அமெரிக்காவில் 1996-லிருந்தும் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-லிருந்தும் ஓபிடி-2 கட்டாயமானது. முதல் கேள்வி கேட்டவரின் எம்எக்ஸ்-5 அதற்கு முந்தியது. அதன் பரிசோதனை இணைப்பி பிழைக் குறியீட்டை விளக்கு சிமிட்டிச் சொல்லுமே தவிர, ஓடும்போது எண்களைத் தராது. அந்தக் காரில் எஞ்சின் சுழற்சி வேகம் காட்டும் டேக்கோமீட்டரின் சைகையையும் வெப்பநிலை சென்சாரையும் தனியாகப் படிக்க வேண்டியிருக்கும்.

புதிய கார்களில் ஓபிடி இணைப்பியின் 6, 14 ஆகிய முனைகளில், காரின் உள்கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் இணைப்பு கிடைக்கும். 16-ஆம் முனையில் எப்போதும் பேட்டரி மின்சாரம் உண்டு. ஆகவே அடாப்டரைச் செருகியபடியே காரை நிறுத்திவைத்தால் மேலே சொன்ன கசிவு இங்கும் நேரும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: கேள்வி அனுப்பிப் பதில் பெறும் ஓபிடி முறைக்கு அப்பால், கேன் பாதையில் கேட்பது மட்டும் செய்யுங்கள், எதையும் எழுதாதீர்கள். அதே பாதையில்தான் பிரேக்குக்கான செய்திகளும் போகக்கூடும்.

சுற்று நேரத்துக்கு ஓபிடி வேகத்தைவிட ஜிபிஎஸ் மேலானது. ஆனால் நொடிக்கு ஒரு முறை மட்டும் இடம் சொல்லும் ஜிபிஎஸ் பயன்படாது. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 50 மீட்டர் பாய்கிறது. ஒரு வளைவின் பாதி அந்த இடைவெளியில் தொலைந்துபோகும். நொடிக்கு 10 முறை பதிவு செய்யும் கருவியில் அந்த இடைவெளி 5 மீட்டராகக் குறையும். தடத்துக்குக் கொண்டுபோவதற்கு முன் பெட்டியை ஒட்டுநாடாவில் விட்டுவிடாமல் போல்ட்டால் இறுக்குங்கள். இருக்கைக்குப் பின்னால் தளர்ந்து கிடக்கும் பெட்டி கடுமையான பிரேக்கில் உங்கள் தலைக்குத்தான் வரும்.