மரக்கட்டைபோல் இறுகிய தொடை எண்ணெய்க்கு இளகுமா?

கோப்பாயிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். சிறுநீரகக் கல் வலிக்காகத் தொடங்கிய பென்டசோசின் ஊசியை (அபின் வகையைச் சேர்ந்த, அடிமையாக்கக்கூடிய வலிநிவாரணி), அவருடைய தம்பி ஏழு வருடங்களாகத் தானே தொடையில் ஏற்றி வந்திருக்கிறார். இப்போது இரு தொடைகளும் இறுகி, முழங்கால் மடங்காமல், சப்பாணி கட்டியிருந்து சாப்பிடவும் முடியவில்லை. எண்ணெய் பூசி உருவினால் இளகுமா என்று கேட்கிறார்.

இளகாது. அங்கே இறுகியிருப்பது, தசை அழிந்த இடத்தில் வளர்ந்துவிட்ட தழும்பு. பென்டசோசின் கரைசல் அமிலத்தன்மையுடையது. சற்றே காரத்தன்மையுள்ள உடல் திரவத்தில் அது படிவாக இறங்கி அழற்சியை உண்டாக்குகிறது. அதே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி குத்துவதால் ஏற்படும் காயமும், குருதியோட்டக் குறைவும், இடையிடையே தொற்றும் கிருமிகளும் சேர்ந்துகொள்ளும்போது தசையிழைகள் அழிந்து, நார்த்திசு அவற்றின் இடத்தைப் பிடிக்கிறது. தோலை இரு விரல்களால் கிள்ளித் தூக்கிப் பாருங்கள்: அடியோடு ஒட்டிப்போயிருந்தால் அது எழும்பாது. பலமாக உருவுவதும் முழங்காலை வலிந்து மடக்குவதும் காயத்தைக் கூட்டும். உள்ளே சீழ்க்கட்டி இருந்தால் ஆபத்து.

முதலில் ஊசி நிற்க வேண்டும். ஆனால் அதை வீட்டில் பூட்டிவைத்துத் திடீரென நிறுத்தாமல், மனநல மருத்துவரின் மேற்பார்வையில் செய்யுங்கள். தசை சிதையும்போது இரத்தத்தில் கூடும் நொதியான கிரியற்றின் கைனேஸின் அளவு சாதாரணமாக வந்தால் தசை நலமாக இருக்கிறதென்று நம்பிவிட வேண்டாம். பழைய தழும்பில் அப்படி வருவது வழமையே. எஞ்சிய தசை எவ்வளவு என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும். இறுக்கம் மிதமானால் இயன்மருத்துவப் பயிற்சி ஓரளவு உதவும். முற்றியிருந்தால் என்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் தழும்பை விடுவித்து முழங்காலை மடங்கவைக்க முயல்வார். அதன்பின் மாதக்கணக்கில் பயிற்சி செய்யாவிட்டால் கால் மீண்டும் இறுகும். போன தசை எப்படியும் திரும்பாது.

வெட்கப்பட்டு ஊசிக் கதையை மறைக்கும் குடும்பங்களே அதிகம். மயக்கமருந்து வைத்தியரிடமாவது சொல்லிவிடுங்கள், ஏனெனில் சத்திரசிகிச்சைக்குப் பின் எந்த வலிநிவாரணி கொடுப்பது என்பதை அவர் அதை வைத்தே தீர்மானிப்பார். ஊசியைப் பிறருடன் பகிர்ந்திருந்தால் ஈரலழற்சி பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனைகளும் தேவை.

காய்ச்சலோடு தொடை சிவந்து வீங்கினாலோ, சிறுநீர் கடும் தேயிலைச்சாயம்போல் போனாலோ கிளினிக் நாள்வரை காத்திராமல் 1990 அம்புலன்ஸை அழைத்து, யாழ். போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அன்றே கொண்டுசெல்லுங்கள்.